மின்சாரக் காருக்காக எழுதிய கடிதம்

மின்சாரக் கார் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்று எழுதிப் பார்க்கச் சொன்னார், சுங்கைப்பட்டாணி கார் கடை விற்பனையாளர். என் கணவர் ஒரு பள்ளி நோட்டு வாங்கிக் கோடு போட்டார். கிளம்பிய இடம், போன இடம், தூரம். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தேன். வீடு, கூலிம், வீடு. வாரத்துக்கு மூன்று தடவை இதேதான். அவருடைய டயாலிசிசுக்குக் கூலிம் போவதைத் தவிர, ஒரே ஒரு நாள் கோயிலுக்குப் போயிருக்கிறோம். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவரோ கையெழுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

பழைய காரை இனி நம்ப முடியாது. ஒரு நாள் சிகிச்சை முடிந்து எங்கள் ஊர் கரங்கானுக்குத் திரும்பும்போது எஞ்சின் கொதித்து, செம்பனைக் காட்டு நடுவில் நின்றுவிட்டது. கையில் பஞ்சுக் கட்டோடு இரண்டு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டுத்தான், அலோர் ஸ்டாரில் ஆசிரியையாக இருக்கும் மகள் தன் பெயரில் கடன் எடுத்துத் தருவதாகச் சொன்னாள்.

விற்பனையாளர் நோட்டைப் புரட்டினார்.

"அக்கா, உங்களுக்கு சின்ன பேட்டரியே போதும்லா. வீட்டுல சார்ஜ் போட்டுக்கலாம். சொந்த வீடுதானே?"

"ஆமா தம்பி, சொந்த வீடுதான்."

பொய் சொல்லவில்லை. முப்பது வருஷமாக நானே சாயம் அடித்து, பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டி, வாசலில் முருங்கை வளர்த்த வீடு. அது அவர் வேலைக்காகத் தோட்டக் கம்பெனி கொடுத்த வீடு என்பது அந்த நேரத்தில் ஞாபகத்திலேயே இல்லை. எங்கள் வரிசையில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

காருக்குப் பதிந்த கையோடு சார்ஜர் மாட்ட இடம் பார்க்க வந்த வயர்மேன்தான் ஞாபகப்படுத்தினார். வீடு யாருடையதோ அவர்களிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். தோட்ட ஆபீசுக்கு நானே எழுதினேன். மலாயில், ரொம்ப மரியாதையாக.

பத்து நாள் கழித்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்தார். உள்ளே வரவில்லை.

"அக்கா, உங்க சூராட்டு, அந்தக் கடுதாசி வந்தப்புறம்தான் மேனேஜர் ஃபைல எடுத்துப் பாத்தாரு. அண்ணன் வேலைய விட்டு ரெண்டு வருஷமாச்சு இல்ல. வேலை செய்றவங்களுக்குத்தான் வீடாம். மூணு மாசத்துல காலி பண்ணச் சொல்றாரு."

"நோயில விட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. அதான் இவ்ளோ நாளு வாயத் தொறக்காம இருந்தேன்."

உண்மைதான். எல்லோரும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். தூங்கிக் கிடந்த ஃபைலைத் தட்டி எழுப்பியவள் நான்.

கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் மூன்றாம் மாடி, நான்காம் மாடி. சார்ஜர் கிடக்கட்டும், அவரால் படியே ஏற முடியாது. என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் எப்போதும்போல நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று மறுபடியும் கூலிமுக்குக் கிளம்பினோம். பழைய கார், ரேடியேட்டருக்கு ஊற்றப் பின்சீட்டில் இரண்டு பாட்டில் தண்ணீர். அவர் மடியில் அந்த நோட்டு. எழுதும் பழக்கம் விடவில்லை.

"வீடு மாறுனப்புறம், கிளம்புற எடம்னு என்ன எழுதுறது?" என்று கேட்டார்.

வண்டியை எடுத்தேன்.