தையல் பிரித்த மூட்டைகள்

கோமதி அக்கா நேற்றுக் காலை காலமானார். மாரடைப்பு. திண்டுக்கல் வெங்காய லாரி என் கடை வாசலில் நின்றபோது அவர் மருமகள் நித்யா போனில் சொன்னார். வழியெல்லாம் மழை, மூட்டைகள் நனைந்திருந்தன. இறக்கச் சொல்லிவிட்டு மயானத்துக்கு ஓடினேன். அங்கே நின்றும் நினைப்பு நனைந்த மூட்டைகளிலேயே கிடந்தது.

தில்லியில் சின்ன வெங்காயம் விற்றுத் தலையெடுத்தவன் நான். அக்கா நெல்லைக்காரர், கிட்வாய் நகர் பக்கம் மெஸ் நடத்தி, வேலைக்கு வந்த நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். முதல்முறை கடைக்கு வந்ததுமே மூட்டையை மோந்து பார்த்தார்.

“உள்ள வேர்த்துக் கெடக்கு தம்பி. தையலப் பிரிங்க.”

“பிரிச்ச மூட்டைய எவன் வாங்குவான்க்கா?”

“பிரிக்காட்டா யாரு வாங்குவா? ஈயா?”

எங்கள் தொழிலில் தையல் பிரிக்காத மூட்டைக்குத்தான் மதிப்பு. பிரித்தால், நல்லதைப் பொறுக்கியது போக மிச்சம் என்பார்கள். அதனால் உள்ளே அழுகினாலும் தைத்தபடியே கைமாறும். கடைசியில் வாங்கியவர் குப்பையில் கொட்டுவார். அக்கா ஒரு மூட்டையைத் தரையில் கொட்டச் சொல்லி, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பொறுக்கினார். ஈரமானதை அன்றே உரித்து வதக்கிவிடுவதாக எடுத்துக்கொண்டார். எனக்கு விட்ட காய்ந்த வெங்காயம் அடுத்த வாரமும் கெடவில்லை. அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

“புண்ணியத்துக்குச் செய்யலக்கா, லாபம் இருக்கு” என்று ஒருநாள் சொன்னேன்.

“அதான் நல்லது. புண்ணியம்னா நாலு நாள்ல விட்டுருவீய!”

இன்று விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் வியாபாரம் பேச நா கூசியது. பேசாவிட்டால் மதியத்துக்குள் மூட்டைகள் நாறிவிடும். தில்லியில் பிறந்த நித்யாவே கேட்டுவிட்டார்.

“அங்கிள், நேத்து வந்த மால் பிரிச்சாச்சா?”

“இல்லம்மா. இனிமே ஈர வெங்காயத்த யாரு எடுப்பாங்கன்னு...”

“அரே, நான் இருக்கேன்ல? வீட்லதான் அடுப்பு எரியாது. மெஸ்ல ஆளுங்க சமைக்கிறாங்க, பசங்க சாப்பிடணுமே. அத்தை மாதிரி எனக்கு உரிக்க வராது, லேகின் ஆள் வெச்சுக்கிறேன். ஜல்தி போய்ப் பிரிங்க. ஆனா ரேட் பேசிட்டுப் போங்க.”

பேசினோம். கடைக்கு வந்து எல்லாத் தையலையும் அறுத்துக் கொட்டினேன். அடி மூட்டைகளில் கொஞ்சம் போய்விட்டது. மற்றதெல்லாம் ஃபேன் காற்றில் சருகு பறக்கக் கிடக்கிறது.

அக்கா, நிம்மதியாகப் போங்கள். உங்கள் மருமகளோடு பேசி முடித்தது இதுதான்: லாரி வந்த அன்றே மூட்டை பிரிக்க வேண்டும்; ஈர வெங்காயம் மதியத்துக்குள் மெஸ்ஸுக்குப் போக வேண்டும்; பொறுக்கும் கூலி என் செலவு; ஈர வெங்காயத்துக்கு விலை, காய்ந்ததன் விலையில் பாதி.