ஆடி மாசத்துச் சாவி

என் தங்கை அன்னத்தாய் போராடி வாங்கிக்கொடுத்தவை இவை: அல்லிநகரத்தில் பதினொரு குடும்பங்களுக்கு வாடகை வீடு, விலாசமே இல்லாத நான்கு பேருக்கு ரேஷன் கார்டு, நாய் வைத்திருக்கிறார் என்று எல்லோரும் விரட்டிய நல்லகண்ணுவுக்கு, நாயோடு சேர்த்தே ஓர் அறை. தேனி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டே இதையெல்லாம் செய்தாள். சாமான் ஏற்றிய லோடு ஆட்டோ என்னுடையது. அதனால் எனக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

ஒச்சாண்டி குடும்பம் மூன்று வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஆற்றுப்பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக் கிடந்தது. இரண்டு வருடம் அலைந்து அவர்களுக்கு அரசு அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிக்கொடுத்தாள்.

சாவி கொடுத்து மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் லோடு இறக்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குடியேறாததால் ஒதுக்கீடு ரத்தாகுமாம். இன்று மாலைக்குள் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டுமாம்.

பாலத்துக்கு ஓடினேன். ஒச்சாண்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். சாவி அவன் இடுப்புக் கயிற்றில் தொங்கியது.

"ஏலே, வீட்ட விட்டுட்டு இங்கன என்ன பண்ற?"

"ஆடி மாசம்ணே. ஆவணி ஒண்ணாந்தேதி பால் காய்ச்சலாம்னு அக்காதான் சொன்னாக."

எந்த அக்கா என்று கேட்கவே வேண்டியதில்லை.

மார்க்கெட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அன்னத்தாய் வெங்காயக் கூடையை அப்படியே போட்டுவிட்டாள். "நாந்தாண்ணே சொன்னேன். மூணு வீடு தங்கல, இதுக்காச்சும் நல்ல நாள்ல போகட்டும்னு நெனச்சேன். நானே கெடுத்துப்புட்டேனே!"

ஒச்சாண்டியையும் ஏற்றிக்கொண்டு, வீடு ஒதுக்கிய அலுவலகத்துக்குப் போனோம். அவள் காரணத்தைச் சொன்னதும் அதிகாரி கேட்டார்: "ஏம்மா, ரோட்டுக்கு வர்றப்ப நாள் பார்த்தா வந்தாங்க?"

"விரட்டுனவுக நாள் பாக்க விட்டாகளா சார்?"

அவர் ரத்து உத்தரவை ஓரமாக வைத்தார். பிறகு, "இன்னைக்கே குடிபோகணும். மறுபடி பூட்டிக் கிடந்தா யார் பொறுப்பு?"

"நான்."

எழுத்தர் அதை ஒரு தாளில் எழுதி, கைரேகைக்கு மை டப்பாவை நகர்த்தினார். அன்னத்தாய் அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"ஏய், உனக்கு எப்ப..."

"ரேகை வச்சு வச்சு வெக்கமாப் போச்சுண்ணே. மத்தியானத்துல எழுதிப் பழகுனேன். பேசாம இரு, எழுத்து தப்பிரும்."

நான் ஐந்தாவது வரை படித்தவன். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஆறு எழுத்தில் ஒரு புள்ளிகூட விடவில்லை.

அன்று மாலை, ஆடிச் செவ்வாயில், ஒச்சாண்டி வீட்டில் பால் பொங்கியது. என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்துப் போட்ட நாள் 2023 ஆகஸ்ட் 8.