வரைபடத்தில் இருந்த கழிவறை

உளுந்தூர்பேட்டை போகும் சாலையில், ஊர் முடியப்போகிறது என்று பஸ் டிரைவர் வேகம் கூட்டும் இடத்தில், எனக்கு ஒரு காம்ப்ளக்ஸ் இருக்கிறது. காம்ப்ளக்ஸ் என்றதும் லிஃப்டையும் கண்ணாடிச் சுவரையும் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் விருத்தாசலத்தில் வரிசையாக ஏழு ஷட்டர் இருந்து, கட்டடத்தின் நெற்றியில், கட்டியவருடைய பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தால் அது காம்ப்ளக்ஸ். எனக்கு வெட்கமாக இருந்ததால் பிள்ளைகள் பெயரை எழுதவில்லை. அந்தக் கட்டட விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நாட்டில் குடியிருப்பு அல்லாத கட்டுமானம் செழிக்கிறது என்று பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் அவ்வப்போது படிக்கிறேன். அலுவலக வளாகம், கிடங்கு, மால் என்று பளபளப்பாகப் படம் போடுகிறார்கள். அந்தச் செழிப்பில் எங்கள் பங்கையும் சேர்த்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போய் இழப்பீட்டுப் பணம் வந்தவர்கள், மங்கலம்பேட்டையில் மகனை வளைகுடாவுக்கு அனுப்பியவர்கள், நாலு புத்தகம் படித்துவிட்டதால் எல்லாம் தெரியும் என்று நம்பிய நான், எல்லாரும் ஒரே அச்சில் கட்டினோம். கீழே ஷட்டர். மேலே அடுத்த மாடிக்கென்று நீட்டிக்கொண்டிருக்கும் துருக்கம்பி. ஷட்டர் மேல் 'கடை வாடகைக்கு' என்று ஒரு போன் நம்பர். கடை வைத்திருக்கக்கூடியவர்கள் எல்லாம் காம்ப்ளக்ஸ் கட்டிவிட்டதால், கடை வைக்க ஆள் குறைந்துபோனது.

எனக்குக் கட்டிக்கொடுத்தவர் என் மனைவியின் தம்பி. கட்டட கான்ட்ராக்டர். அனுமதிக்குப் போன வரைபடத்தில் கழிவறை இருந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வண்டி நிறுத்த இடம் இருந்தது. இரண்டு மரம்கூட இருந்தது. வரைபடத்தில் எங்கள் ஊர் சிங்கப்பூர். அனுமதி கைக்கு வந்த மறுநாள் மச்சான் அதைச் சுருட்டி பீரோவில் வைக்கச் சொன்னார்.

"மாமா, கக்கூஸ் வர எடத்துல ஒரு ஷட்டர் வுட்டா ஏழு கடை ஆயிடும். ரோட்டைப் பாத்த எடத்துல எவனாவது கக்கூஸ் கட்டுவானா?"

"கடைக்காரங்க எங்கப்பா போவாங்க?"

"எல்லாரும் எங்க போறாங்க? இம்மாம் பெரிய ஊரு இருக்குதுல்ல!"

நான் எதிர்த்தேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசைதான். சிரித்தேன், அவ்வளவே. ஏழு என்ற எண் எனக்கும் பிடித்திருந்தது.

மூன்று வருடத்தில் ஒருவர் செல்போன் கவர் விற்க வந்து போனார், ஒருவர் உடம்பு தேற்றும் பவுடர் விற்க வந்து இளைத்துப் போனார். நிலைத்தது ஒரே ஒரு கடை, முதல் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். நடத்தியவர் கம்மாபுரம் பக்கமிருந்து தினமும் ஸ்கூட்டியில் வரும் முப்பத்தைந்து வயதுப் பெண். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினால் மாலை ஏழுக்குத்தான் இறக்குவார்.

கட்டடத்தை முழு மனதோடு பயன்படுத்திக்கொண்ட இன்னொரு கூட்டமும் உண்டு. பக்கத்து ஸ்டாப்பிங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஆண்கள். அவர்களுக்குப் பிடித்தது முதல் கடையை ஒட்டிய பக்கச் சுவர். வெயில் ஏறினால் நாற்றம் கண்ணைக் கரிக்கும். மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுப்பார். அவர் புகார் சொன்னதும் மச்சானும் நானும் கூடிப் பேசினோம். எங்கள் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது, டைல்ஸுக்கா பஞ்சம்? இடுப்பு உயரத்துக்குச் சாமிப் படம் போட்ட டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு பிள்ளையார், ஒரு மாதா, ஒரு பள்ளிவாசல். மக்கள் மூன்று மதத்தையும் மதித்து, டைல்ஸ் முடியும் இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றார்கள். மறுபடி கூடினோம், மறுபடி ஒட்டினோம். மூன்றாம் முறை கூடியபோது பின்சுவருக்கும் சேர்த்து ஒரு முருகனை வாங்குவது என்று தீர்மானித்தோம்.

ஆண்கள் எங்கே போகக்கூடாது என்பதைப் பற்றி இரண்டு படித்த தலைகள் மூன்று முறை ஆலோசித்தன. அந்தப் பெண் எங்கே போகிறார் என்று யோசிக்க ஒரு தலைகூட மீதி இல்லை.

ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்தார்.

"சார், கடையக் காலி பண்ணலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, வாடகை ஜாஸ்தியா இருக்குதா?"

"அதெல்லாம் இல்ல சார். தூரமா இருக்குது."

மூன்று வருடமாக அதே தூரம்தான். கம்மாபுரம் நகர்ந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் மனைவி அவரை டீ குடிக்க உள்ளே கூப்பிட்டாள். சமையலறையில் கால் மணி நேரம் தணிந்த குரலில் பேச்சு. பிறகு அவர் "போயிட்டு வரேன் சார்" என்று என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். மனைவி வந்து என் எதிரில் நின்றாள்.

"காலைல வூட்டுல போறதோட சரியாம். அப்புறம் பொழுது சாஞ்சி வூட்டுக்குப் போயித்தான். அதுக்குப் பயந்து பகல்ல தண்ணியே குடிக்கறதில்லையாம். டாக்டரு கிட்னில கல்லுன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு மாசமா ரத்தமாப் போவுதாம். இதே எடத்துல இருந்தா உடம்பு தாங்காதுன்னுதான் காலி பண்றேங்குது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட, உங்ககிட்டயா? செவுத்துக்கு டைல்ஸ் ஒட்ட மூணு வாட்டி மாநாடு போட்டீங்களே, அது எங்க போவும்னு ஒரு வாட்டி கேட்டீங்களா? கக்கூஸ் கோப்பை செஞ்சி ஊர் ஊரா அனுப்பற ஊருல, கக்கூஸே இல்லாம கட்டடம் கட்டி வச்சிருக்கீங்க. வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

என் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. எழுந்து அதைக் கொல்லையில் கொட்டினேன். டீ ஒன்றும் செய்யவில்லை, பாவம்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய், பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். ஏழாவது கடை காலியாகத்தானே கிடக்கிறது, அதையே கழிவறை ஆக்கிவிடுகிறேன் என்றேன். "பாக்கலாம் சார்" என்றார். மச்சான் முனகினாலும் வேலையில் கெட்டிக்காரர். தொட்டி, குழாய், உள்ளூர்க் கோப்பை, வெள்ளை டைல்ஸ், எல்லாம் பன்னிரண்டே நாளில் முடிந்தது. பார்க்கப் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு மட்டும் இல்லை.

"கதவு எங்கப்பா?"

"அதான் ஷட்டர் இருக்குதே மாமா. நாளைக்கே எவனாவது ஏடிஎம் வைக்கணும்னு கேட்டா, கோப்பையப் பேத்துட்டு அப்படியே குடுத்துடலாம்."

"உள்ள போனவங்க எப்படிச் சாத்தறது?"

"முக்கால்வாசி எறக்கி வுட்டுக்கறது."

அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். ஷட்டரைக் கீழே இழுத்தார். அது இறங்கிய சத்தத்தில் எதிர் டீக்கடையில் நாலு தலை திரும்பியது. மறுபடி தூக்கினார். திரும்பிய தலை திரும்பியபடியே இருந்தது.

"சார், நான் உள்ள போறதும் வெளிய வர்றதும் ரோடு பூரா தெரியணுமா?"

மச்சான், "வேணும்னா ஆயில் போட்டுத் தரேம்மா, சத்தமில்லாமப் போவும்" என்றார்.

"உங்க வூட்டுல எப்படிண்ணே, ஷட்டரா? தெனம் ஆயில் போட்டுட்டுத்தான் போவீங்களா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். மச்சான் தரையைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில், அதே தரையைப் பார்த்தேன்.

"மூணு நாள் குடும்மா, கதவு போட்டுடறேன்."

"வேணாம் சார். ஊருக்குள்ள பாலக்கரை பக்கம் ஒரு சந்துல பழைய வூடு பாத்துட்டேன். முன் ரூமக் கடைக்குக் குடுக்கறாங்க. பின்னாடி தாப்பா போட்ட கக்கூஸ் இருக்குது."

"சந்துக்குள்ள யாரும்மா தேடி வருவாங்க?"

"ஜெராக்ஸ் வேணும்னா வருவாங்க சார். நீங்க கட்டறப்ப ரோட்டப் பாத்தீங்க. நான் கொல்லைப் பக்கம் போயிப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டி வந்தது. ஜெராக்ஸ் மிஷினை டிரைவர் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் நான் பிடித்தேன். "மேல கண்ணாடி, பாத்து சார்" என்றார். அந்தக் கட்டடத்தில் நான் உடம்பு வளைத்துச் செய்த முதல் வேலை, அதைக் காலி செய்தது.

வண்டி போனதும் மச்சானைப் போனில் கூப்பிட்டு, ஷட்டரைக் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பிக் கதவு வைக்கச் சொன்னேன்.

"யாருக்கு மாமா? அங்கதான் ஒரு கடையும் இல்லியே."

"வைப்பா. உள்பக்கம் தாப்பாளோட."