சித்தி செய்த ஸ்பீக்கர் பெட்டி

உத்திரமேரூரில் எங்கள் சித்தியைத் தெரியாதவர் இருந்தால், அவர் வீட்டு டிவி ஒருநாளும் பழுதானதில்லை என்று அர்த்தம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைச் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் படமும் இருக்கும். ஆயுத பூஜையன்று அவருக்கும் குங்குமம் உண்டு. சித்தப்பாவின் தாத்தாவாக்கும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஸ்பீக்கர் மட்டுமல்ல, அது உட்காரும் பெட்டியும் சேர்ந்துதான் பாடுகிறது என்று கண்டுசொன்னவர்களில் ஒருவராம் அவர்.

அவர் எழுதிவைத்த கணக்குகளை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, சித்தி ஒரு வருஷமாக இரண்டு பெட்டிகள் செய்தார். பலாப்பலகை. விரலால் தட்டிக் கேட்பார். பிடிக்காவிட்டால் பிரித்துப் போட்டுவிடுவார். நான் நான்காவது படிக்கும்போதுதான் அவை முடிந்தன.

கேள்விப்பட்டு சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். விலை உயர்ந்த வெளிநாட்டு ஆடியோ செட்டுகள் விற்பவர். கையோடு கொண்டுவந்த நாதஸ்வர சிடியைப் போடச் சொல்லிவிட்டு, சலிப்போடு கண்ணை மூடிக்கொண்டார். வாசிப்பவர் நடுவில் மூச்சு இழுத்தார். அது கேட்டது. வந்தவர் திடுக்கிட்டு, பின்னால் யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பத்து ஜோடி பண்ணுங்கம்மா. ஃபாரின் கம்பெனி பேர்த்தகடு நான் தரேன், முன்னாடி ஒட்டிடுங்க. ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "சித்தி பொட்டி ஃபாரின் பொட்டியாம்!" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மாவை இழுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கார் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாடி, தேடி வந்த மகாலட்சுமிய தொரத்திட்டியா?" என்று அம்மா தன் தங்கையான சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளக்காரங்க கண்டுபுடிச்சதப் பாத்துதான்க்கா கத்துக்கினேன். அதுக்குக் கும்புடறேன். அவங்க பேர எடுத்து ஒட்டிக்கினா அது திருட்டு. அதுவுமில்லாம, ஒரு வருசம் ஒயச்சது நானு."

அன்றைக்கே சித்தி மெல்லிய தூரிகையால் இரண்டு பெட்டிகளின் முன்பக்கத்திலும் 'உத்திரமேரூர்' என்று எழுதினார். இன்று அந்தப் பெயரைக் கேட்டே பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்; முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

அன்று எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. என் டிபன் பாக்ஸில் அம்மா பெயர் எழுதுவதுபோல, பெட்டி எங்கேயாவது தொலைந்துபோனால் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பதற்காகத்தான் ஊர்ப்பெயர் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.