சகலை கழற்றிய விசை

என் மேசை இழுப்பறையில், மை தீர்ந்த பேனாக்களுக்கும் காது உடைந்த மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே, கம்ப்யூட்டர் கீபோர்டிலிருந்து கழன்ற ஒற்றை விசை கிடக்கிறது. எழுத்து விசைகளைவிடக் கொஞ்சம் நீளமானது. ஒரு காலத்தில் வெளுப்பாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. எதிரெதிர்த் திசையில் இரண்டு அம்புக்குறிகள், பக்கத்தில் டேப் என்ற ஆங்கிலச் சொல். வீடு பெருக்க வருகிற பெண் ஒரு தடவை அதைக் குப்பையோடு வாரிவிட்டாள். முறத்திலிருந்து நான் பொறுக்கி எடுத்ததைப் பார்த்து, "யே க்யா சீஸ் ஹை, அங்கிள்?" என்று கேட்டாள். அது என்னவென்று இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை. என் மனைவிக்குச் சொன்னால் அவள் தங்கைக்குப் போய்விடும் என்று பயந்தேன். இங்கே எழுதினாலும் போய்ச் சேரத்தான் செய்யும். சேரட்டும்.

அந்த விசைக்குச் சொந்தக்காரர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏதோ சில மாதங்கள்தான் இளையவர், அதனால் மரியாதையும் கிண்டலும் சரிபாதியாகக் கலந்து பேசுவார். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் அப்போது டெல்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒப்பந்த அடிப்படையில் ஒரு புரோகிராமர் தேவைப்பட்டார். நான் அவரை வரச் சொன்னேன். நாற்பது வயதுக்கு மேல், முனிர்காவில் ஒரு சந்துக்குள் அறை எடுத்து, மாணவப் பையன்களோடு தண்ணீருக்கு வரிசையில் நின்று குடித்தனத்தைத் தொடங்கினார். பிறகு மனைவியும் மகளும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்துவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுப் போவார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அந்தக் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலை நிரந்தரமாகிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இருந்ததாக எனக்குத் தெரியாது.

எங்கள் பிரிவில் இருந்தது யூனிக்ஸ் மெஷின். அதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்த அலுப்பு புரியும். அழிக்கும் விசையை அழுத்தினால் எழுத்து அழியாமல் புதிதாக இரண்டு குறிகள் முளைக்கும். ஒரு கோப்பின் மேல் இன்னொன்றை நகலெடுத்தால் ஒரு வார்த்தை கேட்காமல் பழையதை விழுங்கிவிடும். குளிர்கால மதியங்களில் ஆபீஸ் புல்வெளி வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சகலை சொல்வார்: "இந்த மெசினு நம்ம மாமனார் மாதிரி வே. சரியாச் செஞ்சா ஒண்ணும் சொல்லாது. தப்பாச் செஞ்சாலும் ஒண்ணும் சொல்லாது. பின்னால ஒரு நாள் மொத்தமா வச்சுச் செய்யும்." எங்கள் இருவருக்கும் ஒரே மாமனார் என்பதால் அந்தச் சிரிப்பில் வேறு யாருக்கும் பங்கில்லை.

பைதான் என்ற புரோகிராம் மொழியை எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு திரைக்குள் அடக்கிவிடுவார். ஆனால் பைதானுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வரி ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதை வைத்தே அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று முடிவுசெய்யும். அந்த இடைவெளியைச் சிலர் ஸ்பேஸ் தட்டி உண்டாக்குவார்கள், சிலர் டேப் விசையை ஒரு தட்டுத் தட்டுவார்கள். புரோகிராம் எழுதுகிற என் எடிட்டரில் ஒரு டேப் நான்கு ஸ்பேஸ் அகலத்துக்குத் தெரியும்படி நான் வைத்திருந்தேன். அந்தக் காலத்துப் பைதானோ அதை எட்டாக எண்ணும். அதனால் என் கண்ணுக்கு ஒரே நேர்கோட்டில் நிற்கும் இரண்டு வரிகள் பைதானுக்கு வேறு வேறு இடத்தில் நிற்கும். இப்படி ஒரு தடவை நான் கைவைத்த கோப்பில் என்ன பிழை என்று தெரியாமல் சகலை நாள் கணக்கில் திண்டாடினார். கண்டுபிடித்ததும் என் திரைக்கு முன்னால் வந்து நின்று, "ஒம்ம எடிட்டர் ஒமக்குப் பொய் சொல்லுது வே, நீரும் நம்பிக்கிட்டு இருக்கீரு" என்றார். ஒரு கட்டளையைச் சொல்லிக் கொடுத்தார். அதை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத டேப் எல்லாம் ஒரு தொப்பிக் குறியும் ஆங்கில ஐ எழுத்துமாகத் திரையில் வெளிப்படும். பிறகு தன் இடத்துக்குப் போய், ஸ்க்ரூ டிரைவரால் தன் கீபோர்டின் டேப் விசையை நெம்பி எடுத்துவிட்டார். "இனி இந்தச் சனியன் என் கையால வராது. ஒம்மதையும் கழத்திருவோமா?" என்றார். நான் சிரித்து மறுத்துவிட்டேன். பல் போன அந்தக் கீபோர்டைப் பார்க்கவே பக்கத்துப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீ கொண்டுவரும் பையாகூட, "பண்டித்ஜி, தாந்த் கஹான் கயா?" என்று பல்லைப் பற்றி விசாரித்தான்.

அந்த ஆண்டு எங்கள் அலுவலகம் ஒரு பெரிய ஆள்தேர்வு நடத்தியது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு அவரவர் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தில் நேர்முகத் தேர்வு. அதற்கான அழைப்புக் கடிதங்களை அச்சிடும் புரோகிராமைச் சகலைதான் எழுதினார். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் செய்யச் சொல்லி மேலே எழுதுவதாக டைரக்டர் அவரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். எல்லாம் தயாராக இருந்த வேளையில் எங்கள் மாமியாருக்குக் கண் அறுவை. யாராவது ஒரு மருமகன் போயாக வேண்டும். எனக்கு லீவு கிடைப்பது கடினம் என்றேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை. "நீரு இங்க பாத்துக்கிடும், நான் போயிட்டு வாரேன். புரோகிராம் ரெடியா இருக்கு. சும்மா ஓட்டினாப் போதும், ஒண்ணும் தொடாண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் ரயில் ஏறினார்.

சனிக்கிழமை, விடுமுறை நாள். டைரக்டர் போனில் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தியதால் நான் மட்டும் போனேன். காலியான ஆபீசில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பிரிவுக்குப் பொறுப்பானவன் நான், இதில் என் கைபட்டது ஒரு வரிகூட இல்லை. கடிதத்தில் நகரத்தின் பெயரோடு மையத்தின் முகவரியும் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். எல்லாக் கோப்புகளையும் திறக்கும் தலைமைக் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. நகரத்தைக் குறிக்கும் அவருடைய வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் வரியை எழுதினேன். டேப் விசையை ஒரு தட்டுத் தட்டி எழுதினேன்.

அந்த வரிக்கு மேலே, மறுகூட்டல் கேட்டவர்களுக்கு மட்டும் மதிப்பெண்ணை மாற்றும் பகுதி இருந்தது. என் கண்ணுக்கு என் வரி அதற்கு வெளியே நின்றது. பைதானுக்கு அது உள்ளே நின்றது. ஆகவே மறுகூட்டல் கேட்டவர் வரும்போதெல்லாம் நகரம் மாறியது, மற்றவர்களுக்கு முன்னே போனவரின் நகரமே ஒட்டிக்கொண்டது. பட்டியலில் முதல் ஆள் மறுகூட்டல் கேட்காதவராக இருந்திருந்தால் நகரமே இல்லாமல் புரோகிராம் அங்கேயே நின்று, பிழை என்று கத்தியிருக்கும். முதல் ஆள் கேட்டவராக இருந்தார். பட்டியல் ஊர் வரிசையில் இருந்ததால் அவருக்கு அடுத்தடுத்து வந்தவர்களும் அவர் ஊர்க்காரர்களே. நான் முதல் சில கடிதங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. டேப்பும் ஸ்பேஸும் கலந்தால் ஓட மறுக்கும்படி சகலை தன் லாகின் கணக்கில் பைதானை அமைத்து வைத்திருந்தார். நான் என் கணக்கிலிருந்து ஓட்டினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை.

நேர்முகத் தேர்வுகள் தொடங்கியதும் தொலைபேசி அடங்கவே இல்லை. பாட்னாக்காரர்கள் புனேயில் போய் இறங்கியிருந்தார்கள். ராஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்பாவோடு சென்னைக்குப் போய், பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அங்கிருந்து நேராக எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். வரவேற்பறை பெஞ்சில் சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய், சகலை சொல்லிக் கொடுத்த அதே கட்டளையை அடித்தேன். கோப்பு முழுவதும் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு வரியின் தலையில் மட்டும் தொப்பிக் குறியும் ஐ எழுத்தும்.

அப்போது நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். யூனிக்ஸில் ஒரு கோப்பு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியை மாற்றிவிட ஒரு சின்னக் கட்டளை உண்டு. கோப்பில் இருந்த தேதி அந்தச் சனிக்கிழமை. அன்று சகலை ஊரில், மாமியாரின் கட்டிலருகே இருந்தார். அந்தத் தேதி ஒன்றே அவரைக் காப்பாற்றியிருக்கும். நான் அதை அவர் லீவில் போவதற்கு முந்தைய நாளாக மாற்றினேன். கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில் ஏற்கெனவே அவர் பெயர்தான் இருந்தது. ஒப்புக்கொண்டிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதே தெரியும். நிரந்தர ஊழியன், ஒரு மெமோ வந்திருக்கும். மிஞ்சினால் ஒரு இன்கிரிமென்ட் நின்றிருக்கும். அவ்வளவுதான்.

சகலை ஊரிலிருந்து திரும்பியதும் டைரக்டர் அறையில் விசாரணை நடந்தது. "கல்தி கிஸ்கி ஹை?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தவறு யாருடையது என்ற அந்தக் கேள்விக்குக் கோப்பின் தேதியும் பெயரும் பதிலாக முன்னால் வைக்கப்பட்டிருந்தன. சகலை பதற்றப்படவில்லை. அவருக்கு அது ஒரு எளிய கணக்கு. பிழை ஒரு டேப்பால் வந்தது, தன் கீபோர்டில் டேப் விசையே இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சொல்லும் வே" என்றார். டைரக்டரும் என்னைப் பார்த்தார். "வேறு கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டும்போதும் டேப் வந்துவிடலாம், சார்" என்றேன். எழுத்துக்கு எழுத்து அது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதற்கு இணையானது எதுவும் இல்லை. சகலை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிழையின் இடம் பிடிபட்டதும் திரையை அவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. கடைசி நாளன்று கீபோர்டு, அடையாள அட்டை, இழுப்பறைச் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த விசையை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது ஆபீஸ் சாமான். ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒம்ம என்று சொல்கிற வாய், ஒங்க என்றது. வே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "டிரெயினுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன் மனைவியிடம் அவர் எதையும் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அக்காவும் தங்கையும் இன்றுவரை போனில் மணிக்கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். அவர் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியரானார். மகளின் படிப்பு நடுவில் அறுந்து, ஊர்ப் பள்ளியில் மறுபடி தொடங்கியது. "அத்தான், நீங்க நல்லதுதான் செஞ்சீங்க, இவங்களுக்குத்தான் ராசியில்ல" என்று மைத்துனி என்னிடமே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த மகளின் கல்யாணத்துக்குப் போனபோது விசையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பந்தியில் அவரே வந்து பாயசம் ஊற்றினார். முழுக்க நரைத்திருந்தார். "சகலை, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். "சாப்பிடுங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அந்தக் கை மன்னித்த கையா, இனி கேட்க ஒன்றுமில்லை என்ற கையா என்று ஊர் திரும்பும்வரை யோசித்தேன். இன்றும் தெரியவில்லை. விசை என்னோடு டெல்லிக்கே திரும்பி வந்தது.

இப்போதைய பைதான் இந்தப் பிழையை அனுமதிப்பதில்லை. பேரனின் மடிக்கணினியில் ஒரு நாள் வேண்டுமென்றே அதே மாதிரி டேப்பையும் ஸ்பேஸையும் கலந்து எழுதி ஓட்டினேன். ஓட மறுத்து, எந்த வரி என்று சுட்டிக்காட்டி நின்றது. யாரும் விசையைக் கழற்ற வேண்டியதில்லை. யாரும் யாரையும் பார்த்து, சொல்லும் வே என்று கேட்க வேண்டியதில்லை. சற்றுமுன் இழுப்பறையைத் திறந்து அதை வெளியே எடுத்தேன். பேரனின் கீபோர்டில் வைத்துப் பார்த்தேன், எங்கும் பொருந்தவில்லை. மேசைமேல் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். எதுவும் நகரவில்லை. மறுபடி பேனாக்களுக்கு நடுவே வைத்து மூடிவிட்டேன்.