பாட்டு நடுவில் உறைந்த லேப்டாப்

குற்றாலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறிய முதல் மேடை அதுதான். அதன் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் என்னிடம் கிடையாது. ஆம்பின் சத்தத்தை அப்படியே தரும் ஒரு சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டு, கிட்டாரிலிருந்து அதற்கும், அதிலிருந்து ஸ்பீக்கருக்கும் ஒயர் கொடுத்திருந்தேன்.

பாட்டுக்குப் பாட்டு டோனை மாற்ற மாற்ற அந்த சாஃப்ட்வேர் லேப்டாப்பின் மெமரியைத் தின்றுகொண்டே போனது. தின்றதைத் திருப்பித் தரவேயில்லை. மூன்றாவது பாட்டில் சத்தம் விட்டுவிட்டுக் கரகரத்தது. அடுத்த பாட்டு என் கிட்டாரில்தான் தொடங்கும். கம்பியைத் தட்டினேன். சத்தமே இல்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. கம்பியை மீட்டும் பிக் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இறங்கி ஓடிவிடலாமென்று கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

எங்கள் குழுவின் பாடகி ஜெபா அக்கா பக்கத்தில் வந்தார். "எங்கட்டி போறே? வெறுங்கம்பிய வாசி."

"கேக்காதுக்கா."

"கேக்கும், வாசிட்டி!" என்று தன் மைக்கைக் கம்பிகளுக்கு அருகே பிடித்துக்கொண்டு, மைக் இல்லாமலே பாடத் தொடங்கினார். அவ்வளவு பெரிய மண்டபத்தில், தொண்டையை மட்டும் நம்பி முழுப் பாட்டையும் பாடினார். நான் வெறும் விரலால் வாசித்து முடித்தேன்.

மறுநாள் போனில் அக்காவின் குரல் கட்டிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு நாள்ல சரியாயிரும்ட்டி. நேத்து நீ எறங்கி ஓடியிருந்தா பெறகு எந்த மேடையிலயும் ஏறவே மாட்டே" என்றார்.

இப்போது லேப்டாப்பை மாற்றிவிட்டேன். ஆனாலும் மேடையேறும்போதெல்லாம் பயம் வருகிறது. வந்தால் வரட்டும் என்று வாசிக்கிறேன்.