மெர்ல் அடிப்பது

எங்கள் ஸ்கூல் பஸ் டிப்போவில் யாருக்கும் பேர் கிடையாது. ஓட்டுகிற பஸ்ஸின் நம்பர்தான் பேர். "பதினொண்ணு, பாலத்துல பனி உறைஞ்சிருக்கு, பாத்து வா" என்று ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காப்பி குடிக்கும்போதும் அதுவே வாயில் வருகிறது. அதனால் மெர்ல் ஸ்டக்கியை நாங்கள் பத்தொன்பது என்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வெறும் டிரைவர். கண்ணாடிக்கு மேலே 'உங்கள் டிரைவர்: மெர்ல்' என்று ஒரு தகடு ஆணியடித்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நான் டார்லீன். அந்த பஸ்ஸில் துணைக்குப் போகிறவள். அடிதடியை விலக்குவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, இதுதான் என் உத்தியோகம். ஒஹையோவில் இந்தப் பக்கம் மக்காச்சோள வயலைத் தவிர வேறொன்றும் கிடையாது. சவாரி நீளம். பேசாமல் போனால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆனால் மெர்ல் பேசுகிற ஆள் இல்லை. மனைவி ஜாய்ஸ் இருந்தவரை அவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். அவள் கண்ணை மூடிய பிறகு மனுஷன் டின் சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு டிவி முன்னால் தூங்கிவிடுவார். ஒரே மகன் கர்ட்டிஸ் எங்கோ தூரத்தில் டென்வரில் இருக்கிறான். எப்போதாவது போன் பண்ணுவான். பண்ணினால் மறுநாள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும், அவர் முகமே சொல்லிவிடும்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு பிள்ளைகளின் பேச்சு. காதை மட்டும் பின் சீட்டில் வைத்துவிட்டு வண்டி ஓட்டுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வார்த்தை கண்டுபிடிக்கிறார்கள். ஆளை மயக்குகிற கவர்ச்சிக்கு 'ரிஸ்' என்றார்கள், கெத்தான ஆளை 'சிக்மா' என்றார்கள். எல்லாம் போனிலிருந்து இறங்கி வருகிற சங்கதி. அர்த்தம் கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பெரியவர்கள் வாயில் பட்டுவிட்டால் அந்த வார்த்தை எச்சில் பண்டம். அப்புறம் ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

இது தெரியாமல் மெர்ல் ஒரு நாள் மைக்கை எடுத்து, "குட்மார்னிங், இன்னைக்கு எல்லாருக்கும் ரிஸ் ஜாஸ்தியா இருக்கே" என்றார் பாருங்கள். பஸ்ஸே 'ஐயோ' என்று தலையில் கைவைத்துக்கொண்டது. அதோடு ஒழிந்தது ரிஸ். போன வருஷம் எதற்கெடுத்தாலும் அர்த்தமே இல்லாமல் 'ஆறு ஏழு, ஆறு ஏழு' என்று கத்தி டீச்சர்களின் உயிரை வாங்கினார்களே, அப்போது தலைமையாசிரியையே டிப்போவுக்கு வந்து, அதையும் ஒழித்துத் தரச்சொல்லி மெர்லிடம் கெஞ்சினார். மெர்ல் மைக்கில் அதைப் பாட்டாகவே பாடிவிட்டார். மறுநாள் எங்கள் பஸ்ஸில் மூச்சு இல்லை. "கொலைகாரன்" என்று நாங்கள் கிண்டல் பண்ணினோம். அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்த அக்டோபரில் கோல்ட்டன் என்கிற பையன் அம்மாவோடு பக்கத்து மாநிலமான கென்டக்கிக்குக் குடிபோய்விட்டான். அவன் ஏறுகிற இடத்தில் இனி நிறுத்த வேண்டாம் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. மெர்ல் கேட்கவில்லை. தினமும் அங்கே நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"டிரைவர், அவன் போயிட்டான்! கதவ மூடுங்க, குளுருது!"

"தெரியும்டா. அவங்கம்மா மனசு மாறித் திரும்பி வந்திருந்தா? பாவம், பனியில நிப்பான்ல."

இப்படித்தான் அந்த வார்த்தை பிறந்தது. எட்டாம் வகுப்பு ப்ரின்லி ஒரு வாயாடி. பக்கத்தில் போனையே முறைத்துக்கொண்டிருந்த தோழியை இடித்து, "இன்னும் மெர்ல் அடிச்சிட்டு இருக்கியா? அந்தப் பையன் உன் மெசேஜைப் பாத்துட்டான்டி. பதில் வராது, போய் வேலயப் பாரு" என்றாள்.

மெர்ல் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, கூப்பிட்டியா?"

பஸ் சிரித்த சிரிப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தன. ஒரே வாரத்தில் எல்லார் வாயிலும் அதுதான். கேன்டீனில் மெர்ல், விளையாட்டுத் திடலில் மெர்ல். வேறு பள்ளிக்கும் பரவிவிட்டதாகக் கேள்வி.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று டிப்போவில் அவர் என்னிடம் கேட்டார். எனக்கு மழுப்பத் தெரியாது. "வராதவங்களுக்காகக் காத்துட்டு இருக்கறது. அதுக்குப் பேருதான் மெர்ல் அடிக்கிறது" என்றேன்.

கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சரியாத்தான் வெச்சிருக்குதுங்க" என்றார். "கர்ட்டிஸ் நேத்து போன் பண்ணினான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வரலையாம். நான் வான்கோழி வாங்கி ஃப்ரீசர்ல வெச்சுட்டேன், டார்லீன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் மேல் பாதி, இந்த வாண்டுகள் மேல் பாதி. "இத பாருங்க பத்தொன்பது, நாளைக்குக் காலையில மைக்க எடுங்க. 'நானும் மெர்ல் அடிக்கிறேன் பசங்களா'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள செத்துப்போயிடும். உங்களுக்குத்தான் கைவந்த கலையாச்சே."

தலையாட்டினார்.

மறுநாள் காலை கோல்ட்டனின் நிறுத்தம் வந்தது. வண்டி நின்றது, கதவு திறந்தது. பின்னாலிருந்து ப்ரின்லி, "ஆரம்பிச்சாச்சு, மெர்ல்" என்று இழுத்தாள். சிரிப்பு. மெர்ல் மைக்கை எடுத்தார். பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம் டிரைவர், சொல்லாதீங்க, ப்ளீஸ்!" என்று ஒருத்தன் அலறினான். நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். மெர்ல் கண்ணாடியில் எல்லா முகங்களையும் ஒரு தரம் பார்த்தார்.

"பாலம் வருது. ஒழுங்கா உக்காருங்க" என்று சொல்லி மைக்கை மாட்டிவிட்டார்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு நான் விடவில்லை. "ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு? கையில மைக்கு இருந்துச்சு, வாயில வார்த்தை இருந்துச்சு. ஏன் சொல்லல?"

காலி சீட்டுகளில் யாராவது குல்லாய் விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஜாய்ஸ் போனதுக்கப்புறம் என் பேரச் சொல்ல ஆள் இல்ல, டார்லீன். மகனுக்கு நான் அப்பா. உங்களுக்கு நம்பர். மருந்துக்கடையிலேர்ந்து மிஷின் ஒண்ணு போன் பண்ணி மிஸ்டர் ஸ்டக்கிங்குது. இங்க ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் மெர்ல் மெர்ல்னு கேக்குது. கிண்டலாவே இருக்கட்டுமே. இதையும் நானே கொன்னுட்டா அப்புறம் யாரு சொல்லுவா?"

நான் பின் சீட்டுக்கடியில் கிடந்த ஒரு குல்லாயை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

சாயங்கால சவாரியில் ப்ரின்லி இன்னொருத்தியைச் சீண்டினாள். "மெர்ல் அடிக்காதடி." பஸ் சிரித்தது. மெர்ல் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்து, கூப்பிட்டால் திரும்புகிற மனுஷனைப் போல லேசாகத் தலையசைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.